ஏழரைநாட்டுக்குப் பதினொன்றாம் வாசல்

ஆந்திராவின் எல்லை ஊரான நகரியில் பாவு பிணைக்கிற பெண்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். யசோதா அவர்களில் ஒருத்தி. விசைத்தறியில் ஏற்றிய பாவு, அதாவது துணியின் நீளவாட்டு நூல், தீரப்போகிற நேரத்தில் தறிக்காரர் ஆள் அனுப்புவார். பழைய நூல் ஒரு சாண் நீளத்துக்கு அச்சில், அதாவது இழைகள் நுழைந்து வருகிற சீப்பில், மிச்சம் இருக்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்த மிச்சத்தின் ஒவ்வொரு இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் இழை. இடது ஓரத்தில் தொடங்கினால் வலது ஓரம் போய்ச் சேரும்வரை வரிசை மாறக் கூடாது. ஒன்றை விட்டால் துணி முழுக்கக் கோடு ஓடும். விட்டவள் யார் என்று அடுத்த தெருவுக்கும் தெரிந்துவிடும். யசோதா பதிமூன்று வயதில் இந்த வேலைக்கு வந்தவள். முப்பத்திரண்டு வயது வரைக்கும் அவள் கை ஓர் இழையை விட்டது என்று எந்தத் தறிக்காரரும் சொன்னதில்லை. இதை நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதும் இல்லை.

ஊருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காலனியில் அவள் வீடு. ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தாள். தெலுங்கு அவளுக்கு வாயில் உண்டு, கண்ணில் இல்லை. சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவாள், மண்டல ஆபீசில் தெலுங்கில் சண்டை போடுவாள், வண்டியின் பலகையை மட்டும் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டுத்தான் ஏறுவாள். அந்தப் பக்கத்துத் தமிழர்களில் அவள் வயதுக்காரர் பலர் இப்படித்தான்.

அவளிடம் முப்பத்தாறு புத்தகங்கள் இருந்தன. எல்லாம் ஒரே வரிசை: ஏழரைநாட்டுக் கதைகள். உள்ளங்கை அகலம், சாணித்தாள், நூற்றிருபது பக்கம். ஏழு முழு ஊரும் ஓர் அரை ஊரும் கொண்ட ஒரு நாடு. அந்த அரை ஊரின் மறுபாதி பக்கத்து ராஜாவுக்குச் சொந்தம். பின்னோக்கி மட்டுமே பறக்கத் தெரிந்த ஒரு குதிரை, மந்திரம் சொல்ல வாய் திறந்தால் கொட்டாவி வந்துவிடுகிற ஒரு சித்தர், மலையைப் பெயர்க்கிற பலமும் பல்லியைக் கண்டால் நடுக்கமும் உள்ள ஒரு ராட்சசி. இவற்றைப் பெரிய இலக்கியம் என்று சொல்ல முடியாது. முப்பத்தாறில் பத்துப் பன்னிரண்டு நன்றாக இருக்கும், ஐந்தாறு மோசம், மற்றவை பழகியவர்களுக்கு. ஆனால் அந்த நல்ல பத்தில் இருக்கும் சிரிப்பு நேர்மையான சிரிப்பு. யாரையும் மிதித்து வாங்கிய சிரிப்பு அல்ல. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூற்றொன்றில். புருஷன் சண்முகம் துணி மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டியில் சென்னைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். முதல் தடவை போனபோது பொண்டாட்டிக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல், சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒன்றை வாங்கி வந்தான். பத்தொன்பதாம் புத்தகம். புதுப் பெண் சமையல்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சிரிப்பதைப் பார்த்து மாமியார் பயந்துபோனாள். அதன் பிறகு சண்முகம் போகும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ தேடிக் கொண்டுவருவான். ஏழு வரும், முப்பத்திரண்டு வரும், நான்கு வரும். கிடைத்த வரிசையில் படித்தாள். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, எண் எழுதி, தகரப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றாம் எண் மட்டும் ஒன்பது வருடம் அகப்படவில்லை. கடைசியில் இரண்டாயிரத்தில் கிடைத்தது. அடுத்த வருடம் சண்முகம் டிரைவர் வேலைக்குக் குவைத்துக்குப் போனான்.

இரண்டாயிரத்து நான்கு, ஏப்ரல் மாதத்தில், மகள் ரேகா ஒரு பரீட்சையில் தேறினாள். திருப்பதியில் தங்கிப் படிக்கிற பள்ளி. காலனியிலிருந்து அதற்கு எழுதியவர்கள் ஒன்பது பேர், தேறியது அவள் ஒருத்தி. யசோதா எல்லா வீட்டுக்கும் கல்கண்டு கொடுத்துவிட்டு வந்து, பள்ளியின் விதிகள் அச்சிட்ட தாளை மகளிடம் நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னாள். ரேகா, தம்பி சாய்குமார், யசோதாவின் தம்பி எத்திராஜ் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"போன் கெடையாதாம்மா. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழமை நீ வந்து பாக்கலாம். வாரத்துக்கு ஒரு லெட்டரு எழுதலாம்."

"எழுது. எனக்கு இன்னா, ராணி மாதிரி ஒக்காந்து படிச்சுக்கினு இருப்பேன்."

"எப்படிம்மா படிப்பே? நான் தெலுங்குலதானே எழுதுவேன்?"

"மாமா படிச்சுச் சொல்லும்," என்றான் எட்டு வயது சாய்குமார்.

"நான் இல்லாமலா?" என்றான் எத்திராஜ். "வர்ற லெட்டரெல்லாம் ராகம் போட்டுப் படிக்கறேன், பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். யசோதாவும் சிரித்தாள். அதற்கப்புறம் அரிசி களையும்போதுதான் அது அவளைத் தைத்தது. மகளுக்குப் பன்னிரண்டு நடக்கப் போகிறது. இன்றோ நாளையோ என்கிற வயது. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி, பயத்தைப் பற்றி, அம்மாவுக்கு என்று எழுதுவதை மாமன் வாயால் அம்மா கேட்பதா? அப்படித்தான் கேட்கப்படும் என்று தெரிந்தால் பெண் எழுதுவாளா? தமிழ் பேசுகிற வீடு. ஆனால் பிள்ளைகள் படித்தது இங்கிலீஷ் மீடியம், கூடத் தெலுங்கு. தனக்குத் தமிழ் மட்டும். பெற்றவளும் பிள்ளையும் ஒரே எழுத்தைப் படிக்க முடியாத வீடு இது என்று பதினோரு வருடமாக அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

முதலில் தன்னையே சோதித்தாள். சாய்குமாரின் ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தலையில் பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி ஒன்றுபோலவே நின்றன. பள்ளி திறக்க இருப்பது நாற்பத்தைந்து நாள், அதில் பாதி தறிக் கொட்டகையில் போய்விடும். பிள்ளைகளுக்கோ மொழி கைவசம் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தமிழ் எழுத்துகளை எழுதிப் போட்டாள். ரேகா பத்து நாளில் எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டாள், தம்பி பாதியைப் பிடித்தான். ஆனால் எழுத்து வந்தது, படிப்பு வரவில்லை. ஒரு வரியைக் கூட்டிப் படிப்பதற்குள் ரேகாவுக்குக் கொட்டாவி வந்தது.

அப்போதுதான் தகரப் பெட்டியை இறக்கினாள்.

எதில் தொடங்குவது என்று அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. ஒன்றாம் புத்தகம். அதற்குக் காரணம் இருந்தது. தான் நடுவழியில் ஏறிய வண்டியில் தன் பிள்ளைகள் புறப்படுகிற இடத்திலேயே ஏற வேண்டும், ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று நினைத்தாள். ஒன்பது வருடம் தேடி அடைந்த தொடக்கத்தை அவர்களுக்குச் சும்மா கொடுப்பதில் அவளுக்கு ஒரு கர்வம். தவிரவும் அவள் கை பழகியது அப்படி. ஓரத்தில் தொடங்கு, ஒன்றையும் விடாதே.

ஒன்றாம் புத்தகம் ஏழரைநாட்டு ராஜ வம்சத்தின் வரலாறு. முதல் நாற்பது பக்கம் யார் யாருக்கு மகன் என்பதே. எழுதியவர் தன் நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"ராஜாவோட தாத்தாவுக்குத் தாத்தா பேரு நமக்கு இன்னாத்துக்கும்மா?" என்றாள் ரேகா.

"மொதல்ல இருந்து படிச்சாத்தான் பின்னாடி வர்றது புரியும்."

"பின்னாடின்றது எப்பம்மா வரும்?"

சாய்குமார் பதில் கேட்கக் காத்திருக்கவில்லை, தூங்கிவிட்டான். ஐந்து நாள் இழுத்துப் பார்த்தாள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் வண்டி நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்து பாவு பிணைக்கிற ரத்னம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். ரத்னம்மா அவளைவிடப் பத்து வயது மூத்தவள், படிக்காதவள். வேலைக்கு நடுவே யசோதா சொல்லிச் சொல்லியே முப்பத்தாறு கதையும் அறிந்தவள்.

"நீ எதுலடி ஆரம்பிச்சே?"

"பத்தொம்போதுல."

"அப்புறம் எதுக்கு அதுங்களப் புடிச்சி மொதல்ல இருந்து இழுத்துக்கினு இருக்கறே?"

"நமக்குத்தான் விதி, நடுவுல இருந்து கெடச்சது. அதுங்களுக்கும் அப்படியே குடுக்கணுமா யக்கா?"

"குடுத்துப் பாரு. ஒனக்குக் கெட்டா போச்சி?"

அன்று பத்தொன்பதை எடுத்தாள். ராட்சசி மாமியார் ஆன கதை. மருமகள் மடியில் ஒரு பல்லியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவாள். யசோதாவுக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காத இடம் அது. படித்து நிறுத்திப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் சும்மா இருந்தன.

"இது ஒன் கதைம்மா," என்றாள் ரேகா பொறுமையாக. "எனக்கு மாமியாரு கெடையாது."

"எனக்கும் கெடையாது," என்றான் சாய்குமார்.

யசோதா புத்தகத்தை மூடினாள். பதினாறு நாள் மிச்சம். அவளுக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை, புத்தகங்கள் மேலும் வரவில்லை. தனக்குச் சொந்தமான ஒன்றைக் கொடுக்கத் தெரியவில்லையே என்று தன் மேல்தான் வந்தது.

அடுத்த நாள் கொட்டகையில் ஒரு கூத்து. புதிதாக வந்த மேஸ்திரி, பாவு தீர்ந்த ஒரு தறியைச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அச்சில் இருந்த பழைய நூலை ஓர் இழைகூட மிச்சம் வைக்காமல் வெட்டி வீசியிருந்தான். தறி பளிச்சென்று இருந்தது. யசோதாவும் ரத்னம்மாவும் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். பழைய மிச்சம் இருந்தால் நாலு மணி நேர வேலை. இப்போது வெறும் அச்சில் ஒவ்வோர் இழையாக ஊசியால் கோத்து இழுக்க வேண்டும். பொழுது முழுக்கப் போய்விடும்.

"ஏம்ப்பா, ஒன் வூட்ல யாருனா தறி பாத்திருக்கறாங்களா?" என்றாள் ரத்னம்மா. "அழுக்கு நூலுன்னு வெட்டிட்டியே, புதுசு எதைப் புடிச்சிக்கினு உள்ள போவும்?"

மேஸ்திரி முழித்தான். யசோதா எப்போதும் இந்த மாதிரி இடத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் போடுகிறவள். அன்று ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் இழையைக் கோத்தாள். மாலை வரை கோத்துக்கொண்டே இருந்தாள். ரத்னம்மா இரண்டு தடவை, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. என் பிள்ளைகளிடம் என்ன நூல் மிச்சம் இருக்கிறது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இதுவரைக்கும் எதைப் பார்த்திருக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள்? ஒன்றாம் எண் என்பது புத்தகத்துக்குத் தொடக்கம். பிள்ளைகளின் தொடக்கம் வேறு எங்கோ ஏற்கெனவே நடந்து முடிந்து, அவர்கள் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். யார்தான் ஒன்றை அதன் தொடக்கத்திலிருந்து பார்த்தோம்? பிறக்கும்போதே நமக்கு முன்னால் நாற்பது பக்கம் ஓடி முடிந்துவிட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது எத்திராஜ் கைபேசியோடு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தான். குவைத்திலிருந்து சண்முகம் பேசுகிற நேரம். அந்த வீட்டில் ஒரு விசித்திரம். கூடத்தில் நின்றால் ஆந்திரா டவர் எடுக்கும், கொல்லைப் பக்கம் போனால் தமிழ்நாட்டு டவர் எடுத்து ரோமிங் காசு போய்விடும். நடுவில் எங்கே எல்லை என்பது தினத்துக்கு ஒரு மாதிரி. எத்திராஜ் கால் விரலால் தடவித் தடவி நடந்து, "மாமா, பேசு, நான் ஆந்திராவுலதான் இருக்கறேன்!" என்பான். அடுத்த அடியில், "ஐயோ, வெச்சிடு, தமிழ்நாட்டுக்கு வந்துட்டேன்!" என்று அலறுவான். பின்னாலேயே ரேகாவும் சாய்குமாரும் அதே மாதிரி விரல் தடவி நடந்து, "நைனா, நான் தொவையல் கல்லாண்ட இருக்கறேன், இது எந்த ஸ்டேட்டு?" என்று கத்தி, தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யசோதா முகம்கூடக் கழுவவில்லை. நேரே பெட்டியைத் திறந்து பதினொன்றை எடுத்தாள்.

பதினொன்றாம் புத்தகம் அரை ஊரைப் பற்றியது. இரண்டு ராஜாக்களும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டபோது அந்தக் கோடு தாண்டவராயன் வீட்டுக்கு நடுவே போய்விடும். சமையல்கட்டு ஒரு நாடு, கூடம் இன்னொரு நாடு. அவன் பெண்டாட்டி குழம்புக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தால் காவலாளி நிறுத்தி, கரண்டியில் எத்தனை கத்தரிக்காய் என்று எண்ணிப் பார்ப்பான். தாண்டவராயன் தலையை ஒரு நாட்டிலும் காலை ஒரு நாட்டிலும் நீட்டிப் படுத்தால் கனவு எந்த ராஜாவுக்குச் சேரும் என்று வழக்கு நடக்கும். கொட்டாவி சித்தர் அவனை ஆடாக்கப் பார்ப்பார். மந்திரம் கோட்டோடு நின்றுவிடும். இடுப்புக்கு மேலே ஆடு, கீழே வேட்டி.

தாண்டவராயன் ரசத்துக்கு உப்புக் கேட்டு, அது கடத்தல் உப்பு என்று பிடிபடுகிற இடம் வரை யசோதா வாய்விட்டுப் படித்தாள். சாய்குமார் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "மாமா மாதிரியே!" என்றான். "வேட்டி கட்டன ஆடு!"

"டேய், யாரைடா ஆடுன்றே?" என்றான் எத்திராஜ், தானும் கேட்டுக்கொண்டிருந்ததை மறந்து.

அந்த நேரத்தில் தறிக்காரர் வீட்டு ஆள் வந்துவிட்டான். பஜார் தெருவில் அவசரப் பாவு. யசோதா புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். தந்திரம் ஒன்றும் இல்லை, வேலை அப்படி.

"யம்மா, ஜெயில்ல போட்டாங்களா, இல்லியா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ!" என்று ரேகா பின்னாலேயே வந்தாள்.

"எனக்கே மறந்துபோச்சி. பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பொய். அவளுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

திரும்பி வந்தபோது இரவு மணி பத்து, விளக்கு இன்னும் அணையவில்லை. வாசலில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள். உள்ளே ரேகாவின் குரல். "கா... வ... லா... ளி. காவலாளி. காவலாளி கே... கேட்டான். இந்த உப்பு எந்த நாட்டு உப்பு?" அப்புறம் சாய்குமாரின் சிரிப்பு. அப்புறம், "சும்மா இர்றா, எங்க வுட்டேன்னு தெர்ல." மறுபடி எழுத்தெழுத்தாக, கல் தடுக்கித் தடுக்கி நடக்கிற மாதிரி. ஒரு வரியில் மூன்று பிழை. யசோதா உள்ளே போய்த் திருத்தவில்லை. செருப்பைக் கழற்றாமல், தாண்டவராயன் விடுதலை ஆகும் வரைக்கும் வெளியே நின்றாள். இரண்டு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தன் பிள்ளை மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருந்தால்கூட அவள் மார்பு அப்படி நிமிர்ந்திருக்காது.

பதினொன்று முடிந்ததும் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தாள். ரேகா அதைத் தொடவில்லை. "அந்த ராட்சசி ஒரு பக்கத்துல வந்தாளே, அவ வர்ற வேற கதை எது?" என்றாள். அது இருபத்தேழு. யசோதாவுக்குக் கை கூசியது. பதினைந்து எண்ணைத் தாண்டுவது என்றால் சும்மாவா? எடுத்துக் கொடுத்தாள். ஜூன் பிறப்பதற்குள் ரேகா நான்கு புத்தகம் முடித்தாள், ஒன்றுக்கு அடுத்தது எதுவும் இல்லை.

பள்ளியில் விட்டு வந்த பிறகு கடிதம் வரும் என்று யசோதா காத்திருந்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். தபால்காரர் சைக்கிள் காலனிப் பக்கம் திரும்பினால் முறுக்குகிற இழை கையில் நின்றுபோகும். ஒன்றும் வரவில்லை. பெண் தமிழில் எழுத வெட்கப்படுகிறாள், கூடப் படிப்பவர்கள் சிரித்திருப்பார்கள் என்று எத்திராஜ் சொன்னான். யசோதா நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்க அவளிடம் ஆதாரமும் இல்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறு, விடிந்ததும் புத்தூர் வழியாகத் திருப்பதி வண்டி ஏறினாள். பள்ளி விடுதியின் வார்டன் பிரேமலதா கண்டிப்பான மனுஷி, ஐம்பது வயது, கஞ்சி போட்ட புடவை. பெயரைக் கேட்டதும் மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்து வைத்தாள். மூன்றும் பிரிக்கப்பட்டிருந்தன.

பேச்சு தெலுங்கில் நடந்தது. "பிள்ளைகள் எழுதுவதை நாங்கள் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்போம். விதி. இது எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. தெலுங்கிலோ இங்கிலீஷிலோ எழுது என்றால் உங்கள் பெண் முடியாது என்கிறாள். பிடிவாதம்."

"நாக்கு தெலுகு சதவடம் ராதம்மா," என்றாள் யசோதா. எனக்குத் தெலுங்கு படிக்க வராது. அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழவில்லை.

வார்டன் கடிதங்களை அவள் பக்கம் தள்ளினாள். "சரி. என்ன எழுதியிருக்கிறாள், தெலுங்கில் படித்துச் சொல்லுங்கள்."

யசோதா முதல் கடிதத்தை எடுத்தாள். எழுத்து கோணல், வரி மேலே ஏறிக் கீழே இறங்கியது. தலைவாரிவிட ஆள் இல்லை, ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது, மலை தெரிகிறது. ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னாள். வார்டன் தலையாட்டினாள்.

இரண்டாவது கடிதம் இப்படித் தொடங்கியது: "அம்மா, இங்கே நம்ம ராட்சசி இருக்கிறாள். கஞ்சி போட்ட புடவை கட்டுவாள். நேற்று குளிக்கிற அறையில் பல்லி விழுந்தது. ராட்சசி பக்கெட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு எங்களை அமைதியாக இருக்கச் சொன்னாள்."

யசோதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழை விடாத கைக்காரி, அன்று ஏழு வரியை ஒன்றாக விட்டாள்.

"என்ன எழுதியிருக்கிறாள்? ஏன் சிரிக்கிறீர்கள்?"

"சாம்பார் நன்றாக இருக்கிறதாம் மேடம்."

"எங்கள் சாம்பாரா?" என்றாள் வார்டன். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. "இருபது வருடத்தில் அப்படி யாரும் எழுதியதில்லை."

மூன்றாவது கடிதத்தின் தலையில், "அம்மா, இதை நீ மட்டும் படி" என்று இருந்தது. யசோதா மனதுக்குள் படித்தாள். பக்கத்துக் கட்டில் பெண் வயதுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் அழுததைப் பார்த்து ரேகாவுக்குப் பயம். வலிக்குமா, எவ்வளவு நாள், தனக்கு வந்தால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், அப்போது அம்மா வருவாளா. எட்டுக் கேள்விகள். இரண்டு இடத்தில் எழுத்து அடித்து அடித்து எழுதப்பட்டிருந்தது. யசோதா தாளை நாலாக மடித்தாள்.

"இதைச் சொல்ல மாட்டேன் மேடம். இது பொம்பளப் புள்ள அம்மாவுக்கு எழுதனது. என் தம்பி படிக்கக் கூடாதுன்னுதான் அவளுக்கு இந்த எழுத்தையே கொண்டுவந்து சேர்த்தேன். உங்ககிட்டயும் சொல்லக் கூடாது. உங்க விதி என்னவோ அதன்படி செய்யுங்க," என்றாள் தெலுங்கில்.

 பிரேமலதா இழுப்பறையை மூடினாள்.

"அந்த விஷயமா? பக்கத்துப் பெண் அழுததை இவள் பார்த்தாள், எனக்குத் தெரியும்," என்றாள். "நானும் பெண்தானே." பிறகு, விதியை அவ்வளவு சீக்கிரம் கைவிட மனம் இல்லாதவளாக, "தமிழ்க் கடிதம் போகட்டும். இரண்டாம் ஞாயிறு வரும்போது நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் பொறுப்பு," என்றாள்.

"என் பொறுப்பு மேடம்."

ரேகா வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். ஒரு மாதத்தில் ஒரு விரல் வளர்ந்திருந்தாள். சுற்றிலும் பெற்றோர்கள், தூக்குவாளிகள், சத்தம்.

"மூணையும் படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன். மூணாவதுல கேட்டே பாரு..."

"யம்மா! இங்க சத்தமா பேசாதே. எழுதி அனுப்பு."

"வந்து நிக்கறேனே, நேர்ல சொன்னா இன்னா?"

"எழுதியே அனுப்பும்மா. நான் ராத்திரிக்கு மறுபடி மறுபடி படிச்சுப்பேன் இல்ல."

யசோதா கொண்டுவந்த அதிரசத்தைப் பிரித்து வைத்து, மகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் எட்டுக் கேள்விக்கும் பதில் எழுதினாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. அவ்வளவு நீளமாக அவள் வாழ்க்கையில் எதையும் எழுதியதில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

மறுநாள் கொட்டகையில் பாதிப் பாவில் கரண்ட் போனது. முப்பது தறியும் ஒன்றாக நின்று, காது திடீரென்று திறந்துகொண்ட மாதிரி இருந்தது. பெண்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

"இன்னாடி எழுதி இருந்தா ஒம் பொண்ணு?" என்றாள் ரத்னம்மா. "எங்க, தமிழ்லயா எழுதனா?"

"கைய தொடச்சிட்டு வா யக்கா. சாம்பலோட தொடாதே."

மூன்றாவது கடிதம் வீட்டில், பெட்டியின் அடியில் இருந்தது. இரண்டாவதை யசோதா இடுப்பில் செருகியிருந்தாள். எடுத்துப் பிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பல்லி விழுந்த இடத்தில் நிறுத்தி, பக்கெட் வருகிற இடத்தில் குரலை உயர்த்தி, கடைசி வரை படித்தாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். ரத்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரண்ட் இன்னும் வரவில்லை. இரண்டாம் தடவை படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யசோதா தாளை நிமிர்த்திப் பிடித்து, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.